போலி நன்கொடை வசூல்

தொண்டு நிறுவனம், அரசு நிவாரண நிதி அல்லது நோயாளியின் குடும்பம் என்று பொய் சொல்லிப் பணம் திரட்டும் மோசடி. ரசீதுப் புத்தகமும் உண்டியலுமாக வீடு வீடாக வந்த இவ்வகை ஏமாற்று, இன்று பெரும்பாலும் கைப்பேசி வழியே நடக்கிறது. வெள்ளம், புயல், பெருந்தொற்று போன்ற பேரிடர்களே இதன் அறுவடைக் காலம்.

இந்தியாவில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு 2020 மார்ச் மாதத்தது. கொரோனா பரவலையொட்டி பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டதுமே, அதன் யூபிஐ முகவரியைப் போன்ற போலிகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் 'கேர்ஸ்' என்பதன் கடைசி 'எஸ்' மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அச்சு அசல். அவசரத்தில் பணம் அனுப்புகிறவர் கண்ணில் அந்த ஓர் எழுத்து படுமா? டெல்லி காவல்துறை எச்சரித்தது. அந்த முகவரி முடக்கப்பட்டது.

குழந்தையின் மருத்துவமனைப் படத்தை எங்கிருந்தோ எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றிப் பரப்புவது இன்னொரு வகை. இரக்கத்தையே முதலாக்கும் இதுவே மிகக் கேவலமானது.

இப்படி வசூலிப்பவர்கள் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்பார்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அச்சலுகை கிடையாது. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930.