பலகாரத் தட்டு மாதிரி ஒரு பாட்டு

டிசம்பர் பொறந்தா போதும். எந்தப் பெரிய கடைக்குள்ள நுழைஞ்சாலும் அதே அஞ்சாறு கிறிஸ்துமஸ் பாட்டு. லிஃப்டுக்குள்ள போனா அங்கயும் அதே. நாலாவது நாள் காதுல ரத்தம் வராத குறை தான். கிறிஸ்துமஸ் பாட்டுன்னா இவ்வளவு தான் போலன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த நெனப்பை ஒடச்சது, 2005 டிசம்பர்ல ஒரு நண்பன் பர்ன் பண்ணிக் குடுத்த சிடி. அதுல ஒருத்தர் பாஞ்சோவை வெச்சுக்கிட்டு, பக்கத்து ரூம்ல யாரோ தூங்கற மாதிரி மெதுவாப் பாடிக்கிட்டு இருந்தார். பின்னாடி கூட்டாளிங்க சேர்ந்து பாடறாங்க, அங்கங்க சுருதி கூட லேசா விலகுது. "யாருடா இது, எந்தக் கடையில கெடைக்கும்"னு கேட்டேன். "கடையில கெடைக்காது மச்சி. தெரிஞ்சவங்களுக்கு அவரே குடுத்தது. கை மாறி கை மாறி இங்க வந்திருக்கு"ன்னான்.

அவர் பேரு சுஃப்யான் ஸ்டீவன்ஸ். அவரைப் பத்தி அப்புறம் வரேன். ஒரு பாட்டுக்காரன் தன் சரக்கை எதுக்கு சும்மா குடுக்கறான்? அதுவும் ஏன் கிறிஸ்துமஸ் சமயத்துல? அன்னைக்கு ஆரம்பிச்ச இந்தக் கேள்வியைத் தோண்டினதுல கெடச்சது தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சும்மா கெடைக்கறதுக்கு நம்மகிட்ட பல பேரு உண்டு. முதல்ல ஓசி. அதுல குடுத்தவனுக்கும் மரியாதை இல்ல, வாங்கினவனுக்கும் இல்ல. ரெண்டாவது மொய். குடுக்கும்போதே பேரு, ஊரு எல்லாம் நோட்டுல ஏறிடும். நாளைக்குத் திருப்பிச் செஞ்சாகணும். மூணாவது தீபாவளிப் பலகாரம். தட்டுல வெச்சு, மேல ஒரு துணியைப் போட்டு மூடி, பக்கத்து வீட்டுக்கு அனுப்பறது. தட்டு வெறுந்தட்டாத் திரும்பாது, ஆனா ரெண்டு முறுக்குக்கு ரெண்டு முறுக்குன்னு யாரும் கணக்குப் பாக்கவும் மாட்டாங்க. இலவச கிறிஸ்துமஸ் பாட்டோட சரித்திரம் பூரா இந்த மூணும் மாறி மாறி வருது. பாருங்க.

கதை பீட்டில்ஸ்கிட்ட ஆரம்பிக்குது. 1963. இங்கிலாந்துல அவங்களுக்குக் கெறுக்குப் புடிச்ச மாதிரி ரசிகர்கள். ரசிகர் மன்றத்துக்கு மூட்டை மூட்டையா கடிதம் வருது, பதில் போட ஆள் இல்ல. சந்தா கட்டிட்டு மாசக்கணக்கா காத்திருந்தவங்க கடுப்பாக ஆரம்பிச்சாங்க. அப்ப அவங்களோட பத்திரிகைத் தொடர்பாளரா இருந்த டோனி பேரோ ஒரு யோசனை சொன்னார்: நாலு பேரும் பேசிப் பாடி ஒரு இசைத்தட்டு பண்ணுவோம், கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் தபால்ல அனுப்புவோம். அதுக்குத் தோதா வந்தது ஃப்ளெக்ஸி டிஸ்க். காகிதம் மாதிரி வளையற மெல்லிசு பிளாஸ்டிக் தட்டு. செலவு கம்மி, தபால்ல ஒடையாது. ஆனா ஓட்ட ஓட்டத் தேஞ்சு போயிடும்.

ஆக முதல் தட்டு, பதில் போட முடியாததுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் மாதிரி தான் :-). ஆனா அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. 1963 தொடங்கி 1969 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு, மொத்தம் ஏழு. ஆரம்பத்துல நாலு பேரும் ஒண்ணா உக்காந்து அரட்டை அடிக்கறாங்க. கடைசி ரெண்டு வருஷத்துல ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாப் பேசிக் குடுத்ததை, கென்னி எவரெட்னு ஒரு வானொலிக்காரர் வெட்டி ஒட்டித் தந்தார். குழு ஒடையறதை எந்தப் பத்திரிகைச் செய்தியும் இல்லாமலே அந்தத் தட்டுகள்ல கேட்கலாம். 1970-ல ஏழையும் சேர்த்து ஒரே எல்.பி.யா மன்றத்து ஆட்களுக்கு அனுப்பினாங்க. 2017-ல அதே ஏழும் கலர் கலர் தட்டா பெட்டியில போட்டு விலைக்கு வந்துச்சு. சும்மா வந்த பொருளுக்கு 50 வருஷம் கழிச்சு விலைச் சீட்டு!

இந்த வழக்கத்தை அமெரிக்காவுல கையில எடுத்தவங்கள்ல முக்கியமானவங்க ரெண்டு குழு. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் ஊர்ல இருந்து வந்த ஆர்.ஈ.எம். 1988-ல ஆரம்பிச்சு, 2011-ல குழுவைக் கலைச்சது வரைக்கும், ரசிகர் மன்றத்துக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்துல எதையாவது அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. அடுத்தது சியாட்டில்காரங்க பேர்ல் ஜாம், 1991-லிருந்து.

பேர்ல் ஜாம் கதையில ஒரு வேடிக்கை இருக்கு. எடி வெட்டர் சியாட்டில்ல ஒரு பழம்பொருள் கடையில பழைய இசைத்தட்டு ஒண்ணை எடுத்தார். அதுல இருந்தது 'லாஸ்ட் கிஸ்'. 1961-ல வேய்ன் காக்ரன் பண்ணின பாட்டு. கார் விபத்துல காதலியைப் பறிகொடுத்தவன் பாடற பாட்டு, கிறிஸ்துமஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கச்சேரிக்கு முன்னாடி சவுண்ட் செக் பண்ணும்போது சும்மா பாடிப் பதிவு பண்ணி, 1998 கிறிஸ்துமஸ் தட்டா மன்றத்துக்கு அனுப்பிட்டாங்க. அதை வானொலிக்காரங்க போட ஆரம்பிச்சாங்க, கேட்டவங்க திரும்பத் திரும்பக் கேட்டாங்க. 1999-ல முறைப்படி வெளியிட வேண்டியதாப் போச்சு. பில்போர்டு பட்டியல்ல 2-ஆம் இடம். பேர்ல் ஜாம் வாழ்க்கையிலேயே அந்தப் பட்டியல்ல அவ்வளவு உசரம் போன பாட்டு வேற இல்ல. வந்த பணத்தை கொசோவோ அகதிகள் நிவாரணத்துக்குக் குடுத்தாங்க. லட்சக்கணக்குல செலவழிச்சுப் பண்ணினதெல்லாம் கீழ நிக்க, சும்மா குடுத்தது மேல ஏறிப் போச்சு.

சரி, இவங்கல்லாம் பெரிய ஆளுங்க. சொந்தமா கிடார் வெச்சுக்கிட்டு, சின்ன கம்பெனியோ கம்பெனியே இல்லாமலோ பாடறவங்களுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும்? இங்க தான் கிறிஸ்துமஸ் பாட்டுக்கே உரிய ஒரு வசதி இருக்கு.

ஒரு பாட்டுல ரெண்டு உரிமை உண்டு. பாட்டை எழுதி மெட்டுப் போட்டவரோடது ஒண்ணு, அதைப் பதிவு பண்ணினவரோடது இன்னொண்ணு. அடுத்தவர் எழுதின பாட்டை நீங்க பாடி, அமெரிக்காவுல டவுன்லோடா குடுத்தீங்கன்னா, நீங்க காசு வாங்கலைன்னாலும் எழுதினவருக்குப் பிரதிக்கு இவ்வளவுன்னு கட்டணும். 2006-லிருந்து 2022 வரைக்கும் 5 நிமிஷத்துக்குள்ள இருக்கற பாட்டுக்கு 9.1 சென்ட். 2023-ல 12 சென்ட்டா ஏறிச்சு. 9.1 சென்ட் கணக்குல பாத்தா, 10,000 பேர் சும்மா இறக்கிக்கிட்டாங்கன்னா 910 டாலர் கைக்காசு போச்சு. தர்மம் பண்ணப் போய் கடன்காரன் ஆன கதை.

ஆனா பழைய கிறிஸ்துமஸ் கீதங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857. 'சைலன்ட் நைட்' அதுக்கும் முந்தினது. ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் பக்கம் ஓபர்ன்டார்ஃப்னு ஒரு ஊரு. பாதிரியார் ஜோசஃப் மோர் 1816-ல எழுதின கவிதைக்கு, பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபர் மெட்டுப் போட, 1818 டிசம்பர் 24 ராத்திரி ரெண்டு பேருமா சர்ச்சுல பாடினாங்க. துணைக்கு ஒரே ஒரு கிடார். உலகம் பூரா ஆர்கனோட கேட்கற பாட்டு, பொறக்கும்போது நாட்டுப்புறக் கலைஞன் மாதிரி ஒத்தைக் கிடாரோட தான் பொறந்திருக்கு! இந்த மாதிரி பாட்டுக்கெல்லாம் இன்னைக்குச் சொந்தக்காரர்னு யாரும் இல்ல. யாரும் பாடலாம், சும்மா குடுக்கலாம். 1942-ல வந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்'ல போய் அப்படிக் கை வைக்க முடியாது. சின்னக் கலைஞர்களோட கிறிஸ்துமஸ் தொகுப்புகள்ல பழைய கீதங்களும் சொந்தப் பாட்டும் நெறைய இருக்கறதுக்கு பக்தி ஒரு காரணம்னா, இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

1999-ல மினசோட்டா மாநிலம் டுலூத்ல இருந்த 'லோ'ங்கற குழு, ரசிகர்களுக்குப் பரிசா நெனச்சு 8 பாட்டுல ஒரு சின்ன கிறிஸ்துமஸ் தொகுப்பு பண்ணினாங்க. ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர்னு புருஷன் பொண்டாட்டி நடத்தின குழு. ரொம்ப மெதுவா, ரொம்ப அடக்கமா வாசிக்கறவங்க. கடைசியில அவங்க 'லிட்டில் டிரம்மர் பாய்' ஒரு துணிக்கடை விளம்பரத்துல போய், அதுவரைக்கும் அவங்க பேரே கேள்விப்படாதவங்க காதுல விழுந்துச்சு. மிமி 2022 நவம்பர்ல காலமானார். டிசம்பர் வந்தா அவர் குரலை இன்னமும் எத்தனையோ வீட்டுல ஓட்டறாங்க.

இப்ப சுஃப்யானுக்கு வரேன். 2001 டிசம்பர்ல அவர் வீட்டுலயே சில பாட்டு பதிவு பண்ணி, சொந்தக்காரங்களுக்கும் கூட்டாளிங்களுக்கும் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக் குடுத்தார். 2004 நீங்கலா 2006 வரைக்கும் வருஷா வருஷம் பண்ணினார். நடுவுல 2005-ல 'இல்லினாய்' ஆல்பம் வந்து ஆளு பிரபலமாயிட்டார். 2006-ல அஞ்சையும் பெட்டியில போட்டு, 42 தடங்களோட, கடைக்கு வந்துச்சு. 2012-ல இன்னொரு அஞ்சு, 58 பாட்டு. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, சரியா 100.

என்னை உக்கார வெச்சு யோசிக்க வெச்சது 2007-ல நடந்தது. சுஃப்யானும் அவரோட அஸ்த்மாட்டிக் கிட்டி கம்பெனியும் ஒரு போட்டி வெச்சாங்க. நீங்க ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதி அனுப்புங்க. ஜெயிச்சவங்க பாட்டோட உரிமை சுஃப்யானுக்கு. பதிலுக்கு அவர் புதுசா எழுதின பாட்டோட உரிமை பூரா ஜெயிச்சவருக்கு. அதை விக்கலாம், ஒளிச்சு வெக்கலாம், என்ன வேணா பண்ணலாம். அதாவது அசல் பலகாரத் தட்டு!

ஜெயிச்சது நியூயார்க் நாடக இயக்குனர் அலெக் டஃபி. அவர் கைக்கு வந்த பாட்டு 'லோன்லி மேன் ஆஃப் வின்டர்'. எல்லாரும் என்ன எதிர்பார்த்தாங்க? மறுநாளே இணையத்துல ஏறிடும்னு. அவர் ஏத்தல. "கேக்கணுமா, எங்க வீட்டுக்கு வாங்க"ன்னுட்டார். புரூக்ளின்ல அவர் வீட்டுக்கு முன்பின் தெரியாதவங்க வந்தாங்க. டீ, பிஸ்கட் குடுத்து உக்கார வெச்சு பாட்டைப் போட்டார். கேட்டாங்க, போனாங்க. காசு கெடையாது, காப்பியும் கெடையாது. 2018-ல தான் முறைப்படி வெளிய வந்துச்சு. பதினோரு வருஷம்!

அந்தக் காலத்துல அவரைத் திட்டினவங்க உண்டு. எனக்கும் முதல்ல எரிச்சலாத் தான் இருந்துச்சு. இவ்ளோ பெரிய மனுஷன் குடுத்ததைப் பூட்டி வெக்கறானேன்னு. ஆனா யோசிச்சா அவர் பூட்டி வெக்கவே இல்ல, சும்மா தான் குடுத்தார். வாசல் வரைக்கும் வந்து வாங்கிக்கோன்னு சொன்னார், அவ்வளவு தான். அந்தப் பாட்டைக் கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அன்னைக்கு எங்க உக்காந்திருந்தோம்னு ஞாபகம் இருக்கும். என் பழைய ஹார்டு டிஸ்க்ல நான் ஓசியில இறக்கின நூத்துக்கணக்கான பாட்டுல எத்தனை பேரு எனக்கு ஞாபகம் இருக்கு? கேக்காதீங்க.

அதே 2000-கள்ல மொய் முறையும் வந்துச்சு. டெரெக் வெப்னு ஒரு பாடகர் 2006-ல தன்னோட 'மாக்கிங்பேர்ட்' ஆல்பத்தை மூணு மாசம் சும்மா விட்டார். மின்னஞ்சல் முகவரியும் ஊர்க் குறியீடும் குடுத்தா போதும். 80,000-க்கும் மேல இறங்குச்சு. எந்த ஊர்ல கச்சேரி வெச்சா ஆள் வரும்னு தெரிஞ்சு போச்சு. அந்த அனுபவத்துல 2008-ல நாய்ஸ்ட்ரேடைத் தொடங்கினார். டிசம்பர் ஆனா அங்க நாட்டுப்புறப் பாடகர்களும் ராக் குழுக்களும் கிறிஸ்துமஸ் தொகுப்பாக் கொட்டுவாங்க. நான் புதுசாக் கண்டுபிடிச்ச முக்கால்வாசி ஆளுங்க அங்க தான். அதே வருஷம் வந்த பேண்ட்கேம்ப்ல, விருப்பப்பட்ட விலை போடுங்க, பூஜ்யமும் போடலாம்னு கலைஞர்கள் வெக்க முடியுது.

ஆனா இப்படிச் சும்மா வந்ததெல்லாம் சும்மாவே போகவும் செய்யும். 2019-ல மைஸ்பேஸ் ஒத்துக்கிச்சு: சர்வர் மாத்தும்போது 2003-லிருந்து 2015 வரைக்கும் ஏத்தின பாட்டெல்லாம் போயிடுச்சுன்னு. சுமார் 1 கோடியே 40 லட்சம் கலைஞர்கள், 5 கோடிக்கும் மேல பாட்டு. தப்பிச்சது, யாரோ முன்னாடியே சேமிச்சு வெச்சிருந்து இன்டர்நெட் ஆர்கைவ்ல ஏத்தின சுமார் 4,90,000 மட்டும். நூத்துல ஒண்ணு கூட இல்ல. கராஜுல உக்காந்து அம்மாவுக்காக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு பாடி ஏத்தின பையன் எத்தனை பேரோ, போச்சு. பீட்டில்ஸ் தட்டாவது ஓட்டி ஓட்டித் தேஞ்சுச்சு. இது யாரும் ஓட்டாமலே அழிஞ்சுது.

அதனால நான் எனக்கு ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். டிசம்பர்ல சும்மா கெடைக்கற தொகுப்புல ஒண்ணே ஒண்ணு எடுப்பேன். முழுசாக் கேப்பேன், பேரை எழுதி வெப்பேன், ரெண்டு எடத்துல சேமிப்பேன். புடிச்சிருந்தா அவங்க விலைக்கு விக்கற ஏதாவது ஒண்ணை வாங்குவேன், இல்லைன்னா ரெண்டு வரி எழுதிப் போடுவேன். தட்டு வெறுமையாத் திரும்பக் கூடாது, அவ்வளவு தான்.

யோசிச்சுப் பாருங்க மக்களே, நாமளும் ராத்திரி கண்ணு முழிச்சு எழுதி, சும்மா தான் குடுக்கறோம். படிச்சுட்டு ஒருத்தர் ரெண்டு வரி எழுதினா அன்னைக்கு சோறு எறங்காம இருந்தோமா இல்லையா? அந்தப் பாட்டுக்காரனும் நம்ம ஜாதி தான் :-)

பி.கு: நண்பன் குடுத்த அந்த சிடி இப்ப எந்த மெஷின்லயும் ஓட மாட்டேங்குது. பாட்டையெல்லாம் அப்புறமா காசு குடுத்தே வாங்கிட்டேன். சிடியை மட்டும் தூக்கிப் போட மனசு வரல.