உத்தராயணத் தொடக்கம்: திலகரின் வாசிப்பும் கௌஷீதகி பிராமணத்தின் சான்றும்

வேத காலத்தில் உத்தராயணம் எந்நாளில் தொடங்கியது என்ற கேள்விக்குப் பால கங்காதர திலகர் 1893இல் ‘ஓரியன்’ நூலில் ஒரு விடை தந்தார். வான நடுக்கோட்டுக்கு வடக்கே சூரியன் இருக்கும் ஆறு மாதமே தொடக்கத்தில் உத்தராயணம். இளவேனிலில் பகலும் இரவும் சமமாகும் நாளில் அது பிறந்தது. பிற்காலத்தார் ஆண்டுப் பிறப்பைக் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கு மாற்றியபோது பெயரும் உடன் மாறியது என்பது அவர் முடிவு. இதை ஏற்றால், சூரியன் தென்கோடியில் நின்று வடக்கே திரும்பும் நாளுக்குச் சொந்தமான புனிதம் ஏதும் இல்லை. அதன் பெருமை முழுவதும் இரவல். இக்கட்டுரை அதை மறுக்கிறது.

திலகரின் வலுவான சான்று சதபத பிராமணத்தின் இரண்டாம் காண்டத்தில் உள்ளது. வசந்தம், கோடை, மழை ஆகிய மூன்றும் தேவர்களின் பருவங்கள் என்றும், சரத், ஹேமந்தம், சிசிரம் ஆகிய மூன்றும் பிதிரர்களின் பருவங்கள் என்றும் அது பிரிக்கிறது. சூரியன் வடக்கே திரும்புகையில் தேவர்களிடையே இருக்கிறான் என்றும் அடுத்துச் சொல்கிறது. வசந்தத்தில் தொடங்கும் அரையாண்டு கதிர்த்திருப்பத்தில் தொடங்க முடியாது என்பது திலகர் வாதம். இரண்டாவது சான்று விஷுவத். ஓராண்டு நடக்கும் கவாமயன சத்திரம் என்ற வேள்வியின் நட்டநடு நாளுக்கு அந்தப் பெயர். பகலிரவு சமமாகும் நாளை அச்சொல் குறிக்கும் என்பதால், சத்திரமும் ஒரு சமநாளில் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். ஆய்வாளர் யாகோபி அதே 1893இல் தனியே ஒத்த முடிவுக்கு வந்தார்; விட்னி, தீபோ ஆகிய ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் ரிக்வேதத்தின் காலத்தைச் சுற்றியே நடந்தது. உத்தராயணம் தொடங்கும் நாளின் சமயப் பொருள் ஓரத்தில் நின்றுவிட்டது.

கௌஷீதகி பிராமணத்தின் பத்தொன்பதாம் அத்தியாயத்தை இங்கே நின்று படிக்க வேண்டும். மாக மாத அமாவாசையன்று சூரியன் வடக்கே திரும்பவிருப்பவனாய்த் தங்குகிறான். சத்திரத்தாரும் அவனோடு தங்குகிறார்கள். அவன் ஆறு மாதம் வடக்கே செல்ல, அவர்கள் ஆறு ஆறு நாள் அடுக்குகளாகச் சடங்கு செய்து பின்தொடர்கிறார்கள். பிறகு தெற்கே திரும்பவிருப்பவனாய் அவன் நிற்கிறான். அவர்கள் விஷுவத் நாளைச் செய்ய நிற்கிறார்கள். அவன் ஆறு மாதம் தெற்கே செல்ல, அதே அடுக்குகளைத் தலைகீழாக்கி அவர்களும் செல்கிறார்கள். மறுபடியும் வடக்கே திரும்ப அவன் நிற்கும்போது மகாவிரத நாளைச் செய்கிறார்கள். இப்படி அவனை மும்முறை எட்டிப்பிடிக்கிறார்கள் என்கிறது நூல்.

இங்கே விஷுவத் கோடைக் கதிர்த்திருப்பம். மகாவிரதம் குளிர்காலக் கதிர்த்திருப்பம். சமநாள் ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை. இது பிந்திய நிலை என்று திலகர் தரப்பில் சொல்லலாம். ஆனால் அதற்கு முந்திய நிலையைக் காட்ட, சமநாளில் சத்திரத்தைத் தொடங்கச் சொல்லும் வெளிப்படையான விதி ஒன்று வேண்டும். திலகர் காட்டுவது விஷுவத் என்ற பெயரின் பொருளைத்தான். அப்பெயர் சத்திரத்தின் இரு பாதிகளும் சமமாய்ச் சந்திக்கும் இடத்துக்கும் பொருந்தும். பெயரிலிருந்து மட்டும் ஒரு பழைய ஆண்டுக் கணக்கைக் கட்டி எழுப்புவதற்கு அடித்தளம் போதாது.

இதே அத்தியாயத்தில் திலகருக்கு மட்டுமன்றி, நாள் குறிக்க முயலும் எல்லோருக்குமே இடைஞ்சலான ஒரு பாடம் உண்டு. தீட்சை எடுக்க வேண்டியது தைஷ மாத அமாவாசைக்கு மறுநாளா, மாக மாத அமாவாசைக்கு மறுநாளா என்று நூல் கேட்கிறது. இரண்டும் சொல்லப்படுகின்றன, தைஷமே மிகுதியாய்ச் சொல்லப்படுகிறது என்கிறது. தீட்சை நாட்களும் உபசத் நாட்களும் கழிந்தபின்பே சோமம் பிழியும் நாள் வரும் என்பதால், தைஷத்தில் தீட்சை எடுத்தவர் மாக அமாவாசையை ஒட்டித் தொடங்க முடியும். இரண்டு மரபும் ஒரே திருப்பத்தை நோக்கி நாளை வைத்தன என்றே நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லப் பாடம் இடம் தரவில்லை.

அதைவிட என்னை ஈர்ப்பது அதையடுத்து வரும் மறுப்பு. இந்தக் காலத்தில் தீட்சை எடுக்க வேண்டாம் என்கிறது ஒரு கட்சி. பயிர் இன்னும் வந்து சேரவில்லை, பகல்கள் குறுகியவை, சத்திரம் முடிந்து அவபிருத நீராடலிலிருந்து நடுங்கிக்கொண்டு எழுகிறார்கள். சைத்திர அமாவாசைக்கு மறுநாள் எடுத்தால் தானியம் வந்திருக்கும், பகல் நீண்டிருக்கும், நடுங்காமல் கரையேறலாம். இந்தக் கட்சி வசந்தத் தொடக்கத்தைக் கேட்பது வசதிக்காக. சைத்திரத் தொடக்கம் பழைய ஆண்டுப் பிறப்பின் எச்சம் என்ற திலகரின் வாசிப்பை இவ்விடம் தாங்கவில்லை; பழமை என்ற பேச்சே இங்கு இல்லை. வசதியான மாதம் ஒன்று தெரிந்திருந்தும் சிலர் நடுங்கும் மாதத்தைப் பற்றி நின்றார்கள் என்றால், அந்நாளில் அவர்கள் கண்ட பொருள் வசந்தத்திடமிருந்து கடன் வாங்கியதாக இருக்க முடியாது.

மகாவிரதச் சடங்கும் இதையே காட்டுகிறது. தைத்திரீய சம்ஹிதையின் ஏழாம் காண்டத்தின்படி, தேவரும் அசுரரும் சூரியனுக்காகப் போரிட்டார்கள். அதனால் ஓர் ஆரியனும் ஒரு சூத்திரனும் தோல் ஒன்றைப் பற்றி இழுக்கிறார்கள். வெற்றி ஆரியனுக்கே என்று முன்பே விதிக்கப்பட்டிருக்கிறது. தரையில் குழி தோண்டித் தோலால் மூடி நிலமுரசு அறைகிறார்கள். பணிப்பெண்கள் தலையில் நீர்க்குடம் ஏந்திப் பாடி ஆடி வலம் வருகிறார்கள். ஹோதா ஊஞ்சலில் அமர்ந்து சஸ்திரம் ஓதுகிறார். மெலிந்த சூரியனை மீட்கும் முயற்சியாகவே இதை நான் படிக்கிறேன். வெளிச்சம் மிகுந்த அரையாண்டின் வாசலுக்கு இந்தப் போராட்டம் தேவைப்படாது.

சதபதச் சான்று இன்னும் நிற்கிறது. இங்கே என் பிடி தளர்வானது என்பதை ஒப்புக்கொண்டே வாதாடுகிறேன். அதே பகுதி வளர்பிறையைத் தேவருக்கும் தேய்பிறையைப் பிதிரருக்கும், பகலைத் தேவருக்கும் இரவைப் பிதிரருக்கும், முற்பகலைத் தேவருக்கும் பிற்பகலைப் பிதிரருக்கும் தருகிறது. வளர்பிறை தொடங்குவது நிலவே இல்லாத நாளில். அந்த இணையின்படி, ஆண்டின் தேவப் பாதி மிகக் குறுகிய பகலில்தான் தொடங்க வேண்டும். பகல்–இரவு இணையோ திலகருக்குச் சாதகம். ஆக, அப்பகுதி வானியல் எல்லை குறிக்கவில்லை. இரண்டிரண்டாய் நிற்கும் பொருள்களை வரிசைப்படுத்துகிறது. பருவங்களை மும்மூன்றாகப் பிரித்ததும் அவ்வகையே. அதிலிருந்து தொடக்க நாளைப் பிழிந்தெடுப்பது அந்நூல் கேளாத கேள்விக்கு விடை சொல்வதாகும்.

இந்த முரண்பாட்டை இந்திய வானியலாளர் அறிந்தே இருந்தனர். மேருவில் வாழும் தேவர்களுக்குச் சூரியன் மேஷத்தில்தான் உதிக்கிறான் என்பது சித்தாந்தக் கணக்கு. உத்தராயணமே தேவர்களின் பகல் என்பது சோதிட சம்ஹிதைகளின் கூற்று. 1150இல் சித்தாந்த சிரோமணி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இரண்டையும் பொருத்தினார்: சூரியன் பகலை நோக்கி முகம் திருப்பிய காலத்தையே, பலன் சொல்வதற்காகப் பகல் என்றார்கள். திலகர் இதைப் பழம்பொருள் மறந்தவரின் இடர்ப்பாடாகக் கண்டார். பாஸ்கரர் பழைய மரபின் உட்கருத்தைச் சரியாகவே தொட்டார் என்பது என் எண்ணம். புனிதம் சூரியன் எட்டிய இடத்தில் இல்லை, அவன் திரும்பிய திசையில் இருக்கிறது. கௌஷீதகியின் சத்திரத்தார் அவனோடு நின்றதும் அதற்காகவே.

பிற்கால வளர்ச்சி இந்தத் திசையிலேயே போகிறது. சாந்தோக்கியமும் பிருகதாரணியகமும் சூரியன் வடக்கே செல்லும் ஆறு மாதத்தைத் தேவயானத்தின் ஒரு படியாக்கின. சடங்குக்குரிய காலம் உயிர் செல்லும் வழியாயிற்று. கீதையின் எட்டாம் அத்தியாயம் அதைத் தொகுத்தது. பீஷ்மரின் அம்புப்படுக்கை அதை எல்லோர் மனத்திலும் பதித்தது. பிரம்மசூத்திரம் நான்காம் அத்தியாயத்தில் ஒரு தடை போட்டது: தட்சிணாயனத்தில் இறந்தாலும் ஞானிக்குப் பலன் குறையாது. பீஷ்மர் காத்திருந்தது வழக்கத்தைப் பேணவும் தந்தை தந்த வரத்தைக் காட்டவுமே என்று சங்கரர் விளக்கினார். அதன்பின் நாள் பின்னுக்குப் போய்த் திருப்பம் அகவயமாயிற்று. சத்திரத்திலிருந்து தேவயானத்துக்கு இக்கருத்து எந்த நூற்றாண்டில் கடந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

காலம் குறிப்பதில் எச்சரிக்கை வேண்டும். வேதாங்க ஜோதிடம் திருப்பத்தை அவிட்டத் தொடக்கத்தில் வைக்கிறது. வராகமிகிரர் தம் காலமான ஆறாம் நூற்றாண்டில் அது மகரத் தொடக்கத்துக்கு நகர்ந்துவிட்டதைப் பதிவு செய்தார். அயன நகர்வு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 72 ஆண்டுகள். மாக அமாவாசை என்பதை மாதம் முழுநிலவில் முடியும் கணக்கில் கொள்வதா, அமாவாசையில் முடியும் கணக்கில் கொள்வதா என்ற ஐயமே ஒரு மாத வேறுபாடு. அயன நகர்வில் அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். இதை வைத்து நூலுக்கு நூற்றாண்டு குறிப்பது வீண்.

அதே நகர்வால் இன்று கதிர்த்திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22இலும், மகர சங்கராந்தி ஜனவரி நடுவிலும் வருகின்றன. நம் ஊர்க் கோயில்களில் மார்கழி தேவர்களின் வைகறை, தை முதல் நாள் அவர்களின் விடியல். பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்போருக்கும் வேண்டாம் என்போருக்கும் இந்த ஆய்வு தரும் செய்தி ஒன்றே: எந்த நாளை வைத்தாலும், அங்கே போற்றப்படுவது குளிர் நீங்குமுன்பே தொடங்கிவிடும் திரும்புதல். அதை வசந்தத்தின் நிழல் என்று படிப்பது அந்நாளில் நடுங்கி நின்றவர்களுக்கு நீதியாகாது.