அழியாத புருவமும் அப்பாயி பொட்டும்

என்னடா இது, பி.காம் படிக்கிறவன் புருவத்தைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

போன மாதம் என் சித்தப்பா மகள், கல்யாணத்துக்கு முன்னால் 'பர்மனென்ட்' புருவம் போட்டுக்கொள்ளத் தஞ்சாவூரில் ஒரு பார்லருக்குப் போனாள். அடர்த்தியாக, வில் மாதிரி வேண்டும் என்றாள். பார்லர் அக்கா அவள் கேட்டபடியே பென்சிலால் வரைந்து காட்டிவிட்டு, "ஒரு வாரம் தினமும் இப்படி வரைஞ்சுக்கிட்டுத் திரிஞ்சு பாரும்மா. அப்பவும் புடிச்சிருந்தா வா" என்று அனுப்பிவிட்டார். கையில் வந்த காசைத் திருப்பி அனுப்பும் வியாபாரி! வீடே இதைப் பற்றிப் பேசியது, அப்பாயியைத் தவிர. அவர் புருவ மத்தியில் பச்சையாய் ஒரு பொட்டு உண்டு.

நம் ஊரில் இந்தத் தொழில் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் பெண்களைப் பற்றி 1906-ல் வெளியிட்ட நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுப்பானையில் படியும் கரியைச் சுரண்டுவார்கள். அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. அந்தக் கறுப்பு மைதான், தோலுக்கு அடியில் போனதும் பச்சையாய், நீலமாய்த் தெரிகிறது. கூலி காலணாவிலிருந்து பன்னிரண்டு அணா வரை. அதாவது பெரிய கோலத்துக்கு ஒரு புள்ளியைப் போல 48 மடங்கு! எங்கள் பாடத்தில் படித்தால், "பெரிசாப் போட்டுக்கோ தாயி" என்று சொல்லத் தூண்டும் விலைப்பட்டியல் இது.

ஆனால் யார் வாடிக்கையாளர் என்பதில்தான் சிக்கல். அப்பாயி பாபநாசம் பக்கம். தை அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருந்த சமயத்தில் குறத்தி வந்தாராம். பொட்டு வேண்டும் என்று சொன்னது அப்பாயியின் அம்மா. கூலி இரண்டு படி நெல். குத்திக்கொண்டவருக்கு எட்டு வயது. முப்பத்தொரு வயதில் தாத்தா போனபோது குங்குமத்தை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள். பச்சையை என்ன செய்வது? எதிரே வந்த ஒருத்தி நெற்றியைப் பார்த்து முகம் சுளித்ததை அப்பாயி இன்றும் மறக்கவில்லை.

"சின்னப்பிள்ளைக்கு வேண்டாம்" என்று அந்தக் குறத்தி சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். 1911-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களில் பல பிரிவினரைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றினார்கள். 1947-ல்தான் அது மாகாணத்தில் ரத்தானது. ரத்தானாலும் பார்வை மாறிவிடுமா? வாசலில் நிற்பவளையே சந்தேகமாய்ப் பார்க்கும் ஊரில், நெல் அளக்கும் வீட்டம்மாவிடம் அவள் எப்படி மறுத்துப் பேசுவாள்? கைத்திறன் இருந்தது, சொல்லுக்கு மதிப்பு இல்லை.

அதே காலத்து லண்டனில் கதை வேறு. சதர்லேண்ட் மெக்டொனால்ட் என்ற பச்சைக் கலைஞர் 1902 வாக்கில் சீமாட்டிகளின் கன்னங்களுக்கு நிரந்தர ரோஜா நிறம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ, விளம்பரம், மரியாதை எல்லாம் அவருக்கு இருந்தது.

இன்றைய புருவ மையிலும் வாடிக்கையாளர் பார்ப்பது முதல் நாள் நிறத்தைத்தான். கரி கலந்த மை வருடங்கள் போனால் சாம்பல் நீலமாகலாம், இரும்பு ஆக்சைடு செம்மை தட்டலாம். மையே ஒத்துக்கொள்ளாமலும் போகும்: அமெரிக்காவில் 2003, 2004-ல் நிரந்தர ஒப்பனை மை பற்றி 150-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. இதெல்லாம் கேட்பவருக்குத் தெரியாது, குத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பொருளாதார வாத்தியார் பழைய கார் சந்தையை வைத்து நடத்திய பாடம் எனக்குப் புரிந்ததே இப்போதுதான் :-)

தங்கச்சி விஷயம்? வில் புருவம் நாலாம் நாளே சலித்துவிட்டதாம். இருக்கிற புருவத்தில் இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறாள், அப்பாயியும் கூடப் போகிறார். "பொட்டை எடுக்கவா?" என்று கேட்டேன்.

"போடா. அந்தப் பொண்ணு யாருன்னு பாத்துட்டு வரத்தான்" என்றார்.