தன்னுண்ணலின் தடயம்

உயிரணு தன்னுள்ளே பழுதுற்ற பகுதிகளை ஒரு சவ்வினால் பொதிந்து செரித்துக்கொள்கிறது. பட்டினிக் காலத்தில் அச்செரிமானத்தால் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே உயிர் தரிக்கிறது. இச்செயலுக்கு 1963ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியான் தெ துவ் 'ஆட்டோபேஜி' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் அமைந்த அப்பெயரைத் தமிழில் தன்னுண்ணல் எனலாம்.

பெயர் பிறந்ததேயன்றி, அச்செயலைப் புரியும் புரதங்கள் எவை என்பது ஏறத்தாழ முப்பதாண்டுகள் விளங்காமலே இருந்தது. மின்னணு நுண்ணோக்கி பொதிகளைப் படம்பிடித்துக் காட்டியது. ஆனால் அவை தோன்றிய சில நிமிடங்களிலேயே செரிந்து மறைந்தன. தன்னையே அழித்துக்கொள்ளும் ஒன்றைப் பிடித்து வைத்து ஆராய்வது எங்ஙனம்?

விடை, ரொட்டியைப் புளிக்கவைக்கும் எளிய ஈஸ்டிலிருந்து வந்தது. 1988இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோமாபா வளாகத்தில் யோஷினோரி ஓசுமி தனி ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. ஈஸ்டில் செரிமானம் நிகழுமிடம் நுண்குமிழி. அதனுள் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டுகளைத் தேர்ந்தெடுத்து, நைட்ரஜன் சத்து இல்லாத நீர்மத்தில் இட்டுப் பட்டினி போட்டார். செரிக்க வழியின்றி, உள்ளே வந்த உருண்டைகள் நுண்குமிழிக்குள் குவிந்து துள்ளித் திரிந்தன. அவற்றைக் காண விலைமிகுந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதியதாயிற்று. 1993இல் அவரும் மாணவியான மிக்கி சுக்காடாவும், தன்னுண்ணல் நடைபெறாத பதினைந்து வகை மாற்றுருக்களை அறிவித்தனர். அவற்றுக்குரிய மரபணுக்களும் அவை ஆக்கும் புரதங்களும் அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன.

1996இல் ஓசுமி ஒக்கசாக்கி நகருக்குப் பெயர்ந்தார். ஈஸ்டின் எட்டாவது புரதத்துக்கு நிகரானது பாலூட்டிகளில் எல்சி3 என்னும் புரதமே என்று, அங்கே கபேயா, யோஷிமோரி முதலியோர் 2000ஆம் ஆண்டில் நிறுவினர். உயிரணுச் சாற்றிலுள்ள புரதங்களை ஜெல் தகட்டில் மின்சாரத்தால் பிரித்து, ஒரு சவ்வுத் தாளுக்கு மாற்றி, எதிர்ப்பொருளால் தேடியபோது எல்சி3 இரண்டு கோடுகளாகத் தெரிந்தது. மேற்கோடு உயிரணுச் சாற்றில் தனியே உலவுவது. கீழ்க்கோடு கொழுப்பு மூலக்கூறு ஒன்றுடன் பிணைந்து பொதியின் சவ்வில் ஒட்டியது. பிணைந்தது எடை கூடியதாயினும், ஜெல்லில் விரைந்து ஓடிக் கீழே நிற்பது விந்தையே. பொதிகள் பெருகினால் கீழ்க்கோடும் தடிக்கிறது எனக் கண்டதும், எண்ணற்ற ஆய்வகங்கள் அம்முறையைக் கைக்கொண்டன.

குழப்பமும் அங்கேயே தொடங்கியது. கீழ்க்கோடு தடித்தால் தன்னுண்ணல் மிகுந்தது எனப் பலர் முடிவுகட்டினர். குளத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் வரத்து மிகுந்தது எனலாம். மதகு அடைபட்டிருக்கவும் கூடும். அதுபோன்றே, பொதிகள் மிகுதியாய் உருவாயினும் கீழ்க்கோடு தடிக்கும். உருவானவை செரிக்கப்படாமல் தேங்கினும் தடிக்கும். முன்னது செயலின் பெருக்கம், பின்னது செயலின் முடக்கம். தாளில் இரண்டும் ஒரே தோற்றம். நோயுற்ற உயிரணுவில் எது நிகழ்கிறது என்று தவறாகக் கணித்தால், மருந்து தேடுவோர் நேர் எதிர்த் திசையில் செல்வர். போதாக்குறைக்கு, எதிர்ப்பொருள்கள் பலவும் கீழ்க்கோட்டையே எளிதில் பற்றுவதால், இரு கோடுகளையும் ஒப்பிட்டு விகிதம் காண்பதும் நம்பத்தக்கதன்று.

2007இல் மிசுஷிமாவும் யோஷிமோரியும் இக்கோடுகளைப் படிக்கும் முறையை விளக்கிக் கட்டுரை வரைந்தனர். ஒரே வகை உயிரணுக்களை இரு பங்காக்கி, ஒன்றில் மட்டும் செரிமானத்தை மருந்தால் தடுத்து, இரண்டின் கீழ்க்கோடுகளையும் ஒப்பிட வேண்டும். தடுத்ததும் கோடு மேலும் தடித்தால் நீர் ஓடிக்கொண்டிருந்தது எனத் துணியலாம். தடுத்தும் மாறாவிடில் மதகு முன்னரே அடைபட்டிருக்கலாம். அன்றி வரத்தே இல்லாமலும் இருக்கலாம். இதற்குப் பயன்படும் மருந்துகளுள் ஒன்று குளோரோகுவின். மலேரியாக் காய்ச்சலுக்கு முன் தலைமுறையினர் விழுங்கிய அதே கசப்பு மாத்திரை.

செரிமானத்தை நிறுத்தினால்தான் உண்பதைக் காண இயலும். அக்கட்டுரைக்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் கோமாபாவில் நொதியற்ற ஈஸ்டைத் தேர்ந்தபோது ஓசுமி செய்ததும் இதுவே. 2016இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு வெளியான, தன்னுண்ணலை அளப்பதற்கான நெறிமுறைத் தொகுப்பில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஒப்பமிட்டிருந்தனர். எந்த ஒரு சோதனையையும் தனியே நம்பி முடிவுகட்டலாகாது என அது வலியுறுத்தியது.