முடிவெட்டும் விலைக்குப் பின்னால்

வடபழனி ஏசி சலூனில் ஒரு விலை, புறநகர்க் கடையில் அதைவிடக் குறைந்த விலை. வாடகையும் ஆள்கூலியும் காரணம் என்கிறோம். சரிதான். ஆனால் விலை என்பதே இங்கு பிந்தி வந்தது. கிராமத்தில் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்துக்கு அறுவடையில் அளந்த தானியமே கூலி; அது சாதி விதித்த வேலை. அந்த ஏற்பாட்டில் தலித்துகளுக்கு இடமில்லை. சேரியில் நமக்கு நாமே வெட்டிக்கொண்டோம்.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், மற்றவருக்குச் செய்யும் அதே சேவையை அதே நிபந்தனையில் தர மறுப்பதைக் குற்றமாக்கியது. நகரத்து விலைப்பலகையோ, காசு கொடுத்தவரை நாற்காலியில் உட்காரவைத்தது. வெட்டுபவரையும் ஊர்க் கட்டளையிலிருந்து விடுவித்தது.

இன்றும் சில ஊர்களில் முடிவெட்ட நம் பிள்ளைகள் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள். தோழர்களே, விலையை ஒப்பிடும்போது அந்த பஸ் கட்டணத்தையும் கணக்கில் சேர்ப்போம்.