திருடனுக்குத் தெளித்த மருந்து – தாமிரம் தங்கிய நிலங்களின் கதை

பாக்கு, காப்பி, திராட்சை பயிர் செய்கிறவர்களிடம் "போர்டோ கலவை" என்று சொன்னால் உடனே புரியும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கரைத்துச் செய்யும் நீல நிற மருந்து. பூஞ்சை நோய் வந்தால் அடிப்பார்கள். ஆனால் இந்த மருந்து முதலில் நோய்க்காகத் தெளிக்கப்படவில்லை, திருடர்களுக்காகத் தெளிக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது!

போர்டோ என்பது பிரான்ஸ் நாட்டில் உள்ள ஊர். திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர் போனது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி அங்குள்ள திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று அழித்தது. அதைத் தாங்கக்கூடிய கொடிகளை அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்தார்கள். போன தலைவலி திருகுவலியாய் வந்தது போல, 1878ல் அடிச்சாம்பல் நோய் என்ற புதிய பூஞ்சை நோயும் அமெரிக்காவில் இருந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. இலை எல்லாம் கொட்டிப்போகும், பழம் பழுக்காது.

1882 அக்டோபரில் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மெடோக் பகுதியில் செயின்ட் ஜூலியன் என்ற ஊர் வழியாக நடந்து போனார். தோட்டம் முழுவதும் இலை உதிர்ந்து கிடக்க, பாதை ஓரத்துக் கொடிகளில் மட்டும் பச்சை இலைகள் இருந்தன. அவற்றின் மேல் நீலமும் வெள்ளையுமாக ஏதோ பூசியிருந்தது. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்னாமல் இருக்க, விஷம் போல் தெரியட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருக்கிறார்கள்! மில்லார்டே, வேதியியல் பேராசிரியர் கேயோனோடு சேர்ந்து சோதனைகள் செய்து 1885ல் முடிவுகளை வெளியிட்டார். 130 லிட்டர் தண்ணீருக்கு 8 கிலோ மயில்துத்தம், 15 கிலோ சுண்ணாம்பு. இதுதான் முதல் சூத்திரம். சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவிவிட்டது. 1946ல் தென்னிந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொப்புள நோய் வந்தபோதும் கைகொடுத்தது தாமிர மருந்துகள்தான்.

தாமிரம் எங்கே போகும்?

இங்கேதான் சிக்கல். மற்ற பல மருந்துகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்துபோகும். தாமிரம் ஒரு தனிமம், அது சிதையாது. இலையில் அடித்தது மழையில் கழுவி மண்ணுக்கு வரும். மண்ணில் உள்ள மக்கிய பொருளோடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அறுவடையில் வெளியே போவது மிகச் சொற்பம். ஒவ்வொரு வருடமும் வரவு மட்டும்தான், செலவு கிடையாது.

தாமிரம் பயிருக்குத் தேவையே இல்லை என்று சொல்ல முடியாது. அது ஒரு நுண்ணூட்டம். ஆனால் தேவை மிகக் குறைவு. அளவு மீறினால் முதல் அடி வேருக்கு. வேர் நீளாமல் குட்டையாகித் தடிக்கும், பக்க வேர்கள் குறையும். வேர் சுருங்கினால் தண்ணீரும் மற்ற சத்துகளும் எப்படிக் கிடைக்கும்? குறிப்பாக இரும்புச்சத்து எடுப்பது தடைபடும். அதனால் இளம் இலைகள் மஞ்சளாகும், பயிர் வளராமல் நிற்கும். விவசாயி அதைப் பார்த்து உரம் போதவில்லை என்று நினைக்கலாம். உண்மையில் மண்ணில் ஒன்று அளவுக்கு மேல் இருக்கிறது. அமிலத்தன்மை உள்ள மண்ணில் இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே தாமிரம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்புழுக்களும் இதைத் தாங்காது.

கோஸ்டா ரிகாவின் "கிளிகள்"

இதற்குப் பெரிய விலை கொடுத்த நாடு மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா. அங்கே வாழை என்றால் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி. 1930களில் சிகடோகா இலைப்புள்ளி நோய் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களைத் தாக்கியது. கம்பெனி கண்ட வழி போர்டோ கலவை. புதிதாகத் தொடங்கிய பசிபிக் கரைத் தோட்டங்களில் குழாய்கள் பதித்து, பம்பு வைத்து, ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப அடித்தார்கள். வாழைத்தாரில் படிந்த மருந்தைக் கழுவவே தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

மருந்து அடித்த தொழிலாளர்களின் துணி, தோல் எல்லாம் நீலப்பச்சை ஆனது. குளித்தாலும் போகாது. ஊரில் அவர்களுக்கு வைத்த பெயர் "பெரிகோ", அதாவது கிளி. கேலிப் பெயர்தான், ஆனால் அதன் பின்னால் இருந்தது அவர்களின் உடம்பு. திராட்சைத் தோட்டங்களில் இதே மருந்தைப் பல வருடம் அடித்தவர்களுக்கு நுரையீரல் நோய் வருவதை 1969ல் போர்ச்சுகல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குள் கோஸ்டா ரிகாவில் இந்தத் தெளிப்பு முடிந்தே போயிருந்தது.

1960களின் தொடக்கத்துக்குள் கம்பெனி விமானத்தில் எண்ணெய் தெளிக்கும் முறைக்கு மாறியது. 1980களின் நடுவில் அந்தப் பகுதியின் வாழை சாகுபடியையே விட்டுப் போனது. போனது கம்பெனி, தங்கியது தாமிரம். பழைய வாழை நிலங்களில் நெல் முதலிய பயிர்களை வைத்தவர்களுக்கு விளைச்சல் சரியாக வரவில்லை. மண்ணைச் சோதித்தால் தாமிரம் அளவுக்கு மேல். மருந்து அடிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் இந்த நிலை!

போர்டோ மண்ணிலும் அதே கதை

பிரான்சும் தப்பவில்லை. சாதாரண மண்ணில் கிலோவுக்கு 5 முதல் 30 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். சில பழைய திராட்சைத் தோட்டங்களில் 200 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. வளர்ந்த கொடியின் வேர் ஆழத்தில் இருப்பதால் அதற்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் தென் பிரான்சில் கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கோதுமை விதைத்த இடங்களில் இலைகள் மஞ்சளாகின. அப்பன் வாங்கிய கடன் பிள்ளை தலையில் விடிந்தது போல!

மண்ணைச் சரிசெய்ய வழி உண்டா? சுண்ணாம்பு போட்டு அமிலத்தன்மையைக் குறைக்கலாம், மக்கிய உரம் சேர்க்கலாம். இவை தாமிரத்தை ஓரளவு கட்டிப்போடும், வெளியேற்றாது. ஏக்கர் கணக்கில் மேல்மண்ணை அள்ளிக் கொட்டுவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே இனிமேல் சேராமல் தடுப்பதுதான் வழி. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று உச்சவரம்பு வைத்தது. இதில் வேடிக்கை, ரசாயன மருந்துகளை ஒதுக்கும் இயற்கை விவசாயத்திலும் தாமிரத்துக்கு அனுமதி உண்டு. அதை முழுதாக விட்டுவிடவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த இடத்தை நிரப்ப நல்ல மாற்று கிடைக்கவில்லை.

போர்டோ கலவையைக் கெட்ட மருந்து என்று ஒதுக்கிவிடுவது நியாயம் ஆகாது. லட்சக்கணக்கான குடும்பங்களின் பயிரைக் காப்பாற்றிய மருந்து அது. தவறு கணக்கில் இருக்கிறது. வாழை விற்ற லாபம் கம்பெனியின் கணக்கில் ஏறியது. நிலம் கெட்ட நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அதைக் கட்டியது நீலமாகிப்போன தொழிலாளியும், அவனுக்குப் பின் அதே மண்ணில் நெல் விதைத்தவனும்தான். மருந்து அடிக்கும்போது இந்த வருட விளைச்சலோடு மண்ணில் சேரும் கிராம்களையும் எழுதி வைத்தால், அடுத்து வருகிறவனுக்கு நிலம் மிஞ்சும்.