வாங்கும் கிணற்றடியும்

வகுப்பறைக்குள் மாணவரை அறிவது எளிது. இடாப்பில் பெயர் இருக்கிறது. நாம் இட்ட வரிசையில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இடைவேளை மணி அடித்த பின்னரே அவர்கள் தமக்குரிய வரிசையைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எவரோடு உண்கின்றனர், எவருடைய சைக்கிளில் ஏறுகின்றனர், எவர் வீட்டுப் படலையோடு நின்றுவிடுகின்றனர் என்பவற்றைக் கவனிக்கும் ஆசிரியன் யாழ்ப்பாணத்தின் நூறாண்டு வரலாற்றைக் கண்ணெதிரே காண்கிறான்.

இம்மண்ணிலே உட்காருவதைவிட உண்பதே பெருந் தகராறாக இருந்துவந்திருக்கிறது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலைகளைத் தொடங்கியபோது, அவர்களிடம் படிக்க வந்த உயர்குலத்துப் பிள்ளைகள் மிஷன் வளவிலே சமைத்த சோற்றை உண்ண மறுத்தார்கள். அயல் வளவில் தனிச் சமையற் கொட்டில் வேண்டியிருந்தது. ஆங்கிலமும் கணிதமும் தீட்டாகவில்லை, சோறுதான் தீட்டாயிற்று!

வாங்கின் கதை அடுத்த நூற்றாண்டினது. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகளிலும் அவர்களுக்கு நிலமே ஆசனம். 1929ஆம் ஆண்டளவில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டுமெனக் கல்விப் பகுதி பணித்தது. எதிர்ப்பு மூண்டது. மனுக்கள் பறந்தன; சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. ஒரு பிள்ளை நிலத்திலிருந்து முழ உயரம் எழுந்து அமர்வதற்கு எரிந்த கூரைகள் விலையாயின. எனினும் வாங்கு வென்றது. சட்டம் எட்டக்கூடிய இடம் அது.

ஆனால் சட்டம் எட்டாத இடத்தை முதலிற் கண்டுகொண்டவர்கள் அக்காலத்து மாணவர்களே என்பது நினைவுகூரத் தக்கது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதனை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் இவ்வியக்கமே. அவர்கள் சம ஆசனத்தோடு நிற்காது சம போசனத்தையும் வற்புறுத்தினர். ஒரே வாங்கில் இருந்துவிட்டு வேறு வேறு இலைகளுக்குப் பிரிந்து செல்லும் சமத்துவத்தை அவர்கள் நம்பவில்லை.

அந்த ஐயம் நீர்வேலி போன்ற ஊருக்கு மிகப் பொருந்தும். இங்கே ஆறில்லை, செம்மண்ணும் அதன் கீழ்ச் சுண்ணாம்புக் கல்லும் கிணறுமே உண்டு. வாழையும் புகையிலையும் கிணற்றால் விளைந்தன. கிணற்றை உடையவன் ஊரை உடையவன். பங்குக் கிணறுகளில் இறைப்பு முறை நாள் வகுத்து நடந்தது. ஆனால் அந்தத் தோட்டங்களிலே உழைத்தவர்கள் குடிநீருக்கு, அள்ளி ஊற்றுவோர் வரும்வரை காத்து நின்றார்கள். 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டிலே கிடக்க, 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலும் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலும் போராட வேண்டியிருந்தது. 1995இல் வலிகாமமே பெயர்ந்து சென்றபோது எல்லாம் கரைந்துபோயிற்று என்பாரும் உளர். வீடு திரும்பியவர்கள் தத்தம் கிணற்றடிக்கே திரும்பினார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நானும் வாங்கை நம்பியவனே. ஒன்பதாம் வகுப்புக்குப் பொறுப்பேற்ற ஆண்டு, மாதந்தோறும் இடம் மாற்றி அமர்த்தினேன். அதிலே எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. ஒரு மாணவன் மட்டும் இடைவேளைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுவான். கேட்டேன். "வீடு கிட்டத்தான், சேர். போய்ச் சாப்பிட்டிட்டு வாறன்," என்றான். அவன் வீடு இரண்டு மைலுக்கு அப்பால் என்பதைப் பின்னரே அறிந்தேன். மைதானத்தின் பின் ஒழுங்கையில் சுற்றிவிட்டு, மணி அடிக்கும்போது முதல் ஆளாய் வகுப்பில் இருப்பான். அவனை எவரும் பந்தியிலிருந்து எழுப்பியதில்லை, ஏசியதுமில்லை. வேம்பின் கீழ் உணவுப் பொதிகள் கைமாறும்போது அவனுடைய பொதியை எவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இதற்கு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழக்கிடுவது?

மாலைக் கிரிக்கெட்டில் அவனே எங்கள் சிறந்த பந்து வீச்சாளன். ஆட்டம் முடிந்தால் பிள்ளைகள் மைதானத்துக்கு எதிர் வளவுக்குள் தண்ணீர் குடிக்கப் போவார்கள். துலா போய் மோட்டார் வந்துவிட்டது, குழாயும் இருக்கிறது. அவன் மட்டைகளைக் காவல் செய்பவன்போலப் படலையடியில் நிற்பான். அந்த வீட்டார் அவனை மறித்ததை நான் கண்டதில்லை. மறிக்காமலே நிற்க அவனுக்கு யாரோ எப்போதோ கற்பித்திருக்கிறார்கள். என் பாடங்களில் எதையும் அவன் அவ்வளவு நன்றாகக் கற்றதில்லை.

சென்ற தவணையில் ஒரு நாள், உள்ளே போன கூட்டத்திலிருந்து ஒருவன் திரும்பி வந்தான். "வாடா," என்று மட்டும் சொன்னான். இருவரும் வளவுக்குள் போகவில்லை. மட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, பாடசாலைக் குழாயடியை நோக்கி நடந்தார்கள்.